பொறுப்பாசிரியர் கையொப்பம்

அந்த உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர், மன்றங்கள் ஏழு. பேச்சு, நாடகம், சதுரங்கம், தோட்டம், அறிவியல், நூலகம், சாலைப் பாதுகாப்பு. பெயர்ப்பலகை எழுதி மாட்டினால் பெரிய பள்ளிக்கூடம் என்றுதான் நினைப்பீர்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஏழு மன்றத்திலும் இருப்பது அதே பதினொரு பிள்ளைகள். மற்றவர்கள் மணி அடித்ததும் ஆட்டை ஓட்டி வர வேண்டும், தம்பியைத் தூக்க வேண்டும் என்று பறந்துவிடுவார்கள். இந்தப் பதினொன்றுக்கும் பஸ் ஐந்தேகாலுக்குத்தான். அதுவரை எங்கேயாவது இருந்தாக வேண்டும். அப்படிச் சேர்ந்ததுதான் அவர்களுடைய சிநேகிதமும் அந்த ஏழு மன்றமும்.

"டீச்சர், இன்னைக்கு நாங்க என்ன மன்றம்?" என்று தினம் மாலை ஒரு குரல் கேட்கும். தையல் டீச்சர் சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பார்த்துச் சொல்வாள். திங்களன்று மண்வெட்டி பிடித்தவன் செவ்வாயன்று மன்னனாக நிற்பான். சதுரங்கப் பெட்டியில் ஒரு யானை தொலைந்து ஆறு வருஷமாகிறது. மைப்புட்டி மூடிதான் யானை. ஆண்டுவிழாப் புகைப்படத்துக்கு ஏழு முறை நிற்க வைத்து, ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, ஒருவழியாக ஏழு மன்றம் என்று கணக்குக் காட்டிவிடுவாள்.

மன்றங்கள் அவள் தலையில் விழுந்தது அவள் கேட்டு அல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கணக்கு வாத்தியார் வந்து, "தையலுக்குத்தான் பரீட்சை கிடையாதே, இதைக் கொஞ்சம் பாத்துக்கங்க டீச்சர்" என்று நாடக மன்றத்தைக் கொடுத்தார். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் மன்றத்தைக் கொண்டுவந்து இறக்கிவைத்தார்கள். 'கொஞ்சம்' பத்தொன்பது வருஷமாயிற்று. ஐம்பத்தோரு வயதில் அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம்: ஒருநாளாவது நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்க வேண்டும். லாரி ஓட்டும் கணவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். மாமனாருக்குக் கண் மங்கிவிட்டது. பதினொரு மணி இடைவேளையில் அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய் மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த மணிக்குள் திரும்பிவிடுவாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த அதே நாளில், அதே மணிக்கு, அதே பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவள் ஓவிய டீச்சர். அன்று மதியம் இருவரும் ஒரு மேஜையில் டப்பாவைத் திறந்தார்கள். அந்த மேஜை இன்றுவரை மாறவில்லை. பிள்ளைகள் முன்னால் "டீச்சர்", தனியே இருந்தால் "வாடி, போடி".

தையல் டீச்சருக்கு ஊசி பிடித்தால் கோடு கிழித்ததுபோல் போகும். பேனா பிடித்தால் கோழி கிறுக்கியதுபோல் இருக்கும். அதனால் பள்ளி திறக்கும் வாரத்தில் மன்றப் பதிவேட்டை எழுதுவது ஓவிய டீச்சர். ஏழு மன்றம், ஏழு பக்கம், முத்து முத்தாக எழுத்து. கடைசியில் 'பொறுப்பாசிரியர் கையொப்பம்' என்ற கட்டத்தில், எழுதியவளே கையெழுத்தையும் போட்டுவிடுவாள். எழுதினவர்தானே கையெழுத்துப் போட வேண்டும் என்று இரண்டு பேருக்குமே நினைப்பு. பத்தொன்பது வருஷத்தில் அது தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த வருஷம் கடைசிப் பரீட்சை நேரத்தில் மேலிடத்திலிருந்து காகிதம் வந்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டதால் பரீட்சை இல்லாத பாடத்துக்கு இனி ஒரே ஓர் ஆசிரியர் போதுமாம். இரண்டில் ஒருவர் உபரி. உபரி என்றால் வேறு பள்ளிக்கு மாற்றம், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊர். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள் என்பதால் மன்றப் பொறுப்பு யாரிடம் அதிகமோ அவருக்கு இடம்.

காலையில் ஹெட்மாஸ்டர் தையல் டீச்சரைக் கூப்பிட்டுப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஏழு மன்றமும் ஓவிய டீச்சர் பேர்லதான் இருக்கு. உங்க கையெழுத்து ஒண்ணுகூட இல்லையே, டீச்சர்."

"சார், மன்றத்தை நடத்துறது நான்தானே?"

"எனக்குத் தெரியும். வாசல்ல நிக்கிற நாய்க்குக்கூடத் தெரியும். மேலிடத்துக்குக் காகிதம்தான தெரியும்? அவங்களே எழுதிக் குடுத்தா மாத்திடலாம். முதல் மணிக்கு முன்னாடியே அவங்ககிட்ட சொல்லிட்டேன். சாயங்காலம் பட்டியல் போயாகணும்."

மாத்திரை கொடுக்க யார் ஓடுவார்கள் என்பதுதான் அவள் மனசில் முதலில் வந்தது. அடுத்து வந்த நினைப்பை அவளே வெளியில் சொல்ல மாட்டாள்: இதே மன்றங்கள் ஒழிந்தால் போதும் என்று எத்தனை நாள் முணுமுணுத்திருக்கிறாள், இப்போது கையை விட்டுப் போகும்போது ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? ஓவிய டீச்சரை எழுதிக்கொடு என்று எந்த வாயால் கேட்பது? எழுதிக் கொடுத்தால் போகப்போவது அவள்.

மதியம் டப்பாக்கள் திறந்தன. ஓவிய டீச்சர் எப்போதும்போல் தன் முட்டையில் பாதியை வெட்டி இவள் பக்கம் தள்ளினாள். மகள் போனில் சொன்ன கதையைச் சொன்னாள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மாட்டுக்கு ஐந்து கால் வரைந்ததைச் சொல்லிச் சிரித்தாள். காகிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. தையல் டீச்சர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கேட்டுவிடு, கேட்டுவிடு என்று நாக்கு துடித்தது. பத்தொன்பது வருஷம் பழகியவள், வேலை என்று வந்ததும் வாயை மூடிக்கொண்டாளே என்று மனசு வெந்தது. பாதிச் சோறு மிச்சம் இருக்கும்போது ஓவிய டீச்சர் அதட்டினாள்.

"முழுசாச் சாப்பிடுடி. சாயங்காலம் நாடகம் இருக்கு உனக்கு. கத்துறதுக்குத் தெம்பு வேணாம்?"

சாப்பிட்டாள். கோபத்தோடுதான் சாப்பிட்டாள்.

நாலரை மணிக்கு நாடக ஒத்திகையில் மன்னன் வசனத்தை மறந்து நின்றபோது, ஒத்திகை நடக்கும் சைக்கிள் கொட்டகைக்கே ஹெட்மாஸ்டர் வந்தார்.

"பட்டியல் போயாச்சு டீச்சர். நீங்க இங்கதான்."

"அவங்க எழுதிக் குடுத்தாங்களா, சார்? எப்ப?"

"மூணாவது பீரியட்லயே குடுத்துட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலையா?"

மன்னனையும் மந்திரியையும் அப்படியே விட்டுவிட்டு அவள் ஓவிய அறைக்குப் போனாள். ஓவிய டீச்சர் வாளியில் தூரிகைகளை அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ சாப்பிட்டிருப்பியா?"

"உன் வீடு பின்தெருவுலதான் இருக்கு. முழங்கால் வேற வலி. ரெண்டு பஸ் மாறிப் போவியா நீ?"

"பஸ்ல உக்காந்துதானே போறேன்? கால் நல்லா ஓய்வா இருக்கும். உன் மாமனாருக்கு மாத்திரை குடுக்க அங்கேருந்து நீ பறந்து வருவியா?" தூரிகையை உதறினாள். "செஞ்சது நீ, பேரு மட்டும் எனக்கா? எழுதினது நான்தான், உழைச்சது அவங்கன்னு எழுதிக் குடுத்தேன். உண்மையத்தான் எழுதினேன், போ."

மதியம் மனசுக்குள் அவளைத் திட்டியதெல்லாம் தையல் டீச்சருக்கு நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல், வாளியை வாங்கி மீதித் தூரிகைகளை அலசினாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. மேஜையில் ஒரே ஒரு டப்பா. முதல் வாரமே பிள்ளைகள் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதே பதினொரு பேர் இல்லை. இரண்டு பேர் படித்து முடித்துப் போய்விட்டார்கள், புதிதாக மூன்று பேர். ஐந்தேகால் பஸ்காரர்கள்தான்.

"டீச்சர், நீங்களா எழுதப் போறீங்க?" என்று ஒரு பெண் பயந்ததுபோல் கேட்டாள். இன்னொருத்தி அவளைக் கிள்ளினாள்.

"வேற யாரு எழுதுவா? போங்க, போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்துங்க."

அவர்கள் போனதும் பெருமூச்சு விட்டுப் பதிவேட்டைத் திறந்தாள். கோடு போடாத வெள்ளைத் தாள் பதிவேடு அது. அவளுடைய எழுத்து மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கப் போவதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. புதுப் பக்கத்தைப் புரட்டினாள்.

பக்கம் முழுக்க மெல்லிய பென்சில் கோடுகள், அளந்து போட்டவை. அடுத்த பக்கத்திலும் இருந்தன. புரட்டிக்கொண்டே போனாள், கோடு தீரவில்லை. அறுபத்து மூன்று பக்கம் வந்ததும் நின்றது. பிறகு வெறும் தாள். அவள் விரல் விட்டு எண்ணினாள்: ஏழு மன்றம், ஒன்பது வருஷம். அவள் ஓய்வுபெற இன்னும் ஒன்பது வருஷம்தான்.

முதல் பக்கத்தின் கீழே, பொறுப்பாசிரியர் கையொப்பத்துக்கான கட்டத்துக்குள், முத்து முத்தான எழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'இங்கே நீதான் போடணும். தையல்னு நினைச்சுப் போடு.'

"போடி" என்றாள் தையல் டீச்சர், காலியாக இருந்த எதிர் நாற்காலியைப் பார்த்து. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பென்சில் எழுத்தை அழிக்க மனசு வராமல், அதன்மேலேயே தன் கோணல் கையெழுத்தைப் போட்டாள்.