‘போய்த் தொலை’ என்றொரு சம்மதம்

தொண்ணூறுகளில், நாங்கள் அமெரிக்காவில், பிளசன்டனில் குடியிருந்தபோது, பதினாறு வயதில் என் மகள் கோர்ட்டில் மனு போட்டாள். பெற்றோரிடமிருந்து சட்டப்படி விடுபட வேண்டுமாம். எமன்சிபேஷன் என்று அதற்குப் பெயர். என் மனைவி அந்த வார்த்தையைக் கேட்டதும், "ஆரம்பமே எமன்லதான் இருக்கு" என்றாள்.

சண்டை அவளைக் கோயம்புத்தூருக்கு அனுப்புவது பற்றி. என் அண்ணன் வீட்டில் தங்கி ப்ளஸ் டூ படிக்கட்டும் என்று நான் டிக்கெட்டே போட்டுவிட்டேன். பிள்ளை கைமீறிப் போகிறது என்று தோன்றினால் இங்கே நம்மவர்கள் எல்லோரும் கையில் எடுக்கும் மருந்து அதுதான். அவள் மாட்டேன் என்றாள். பேச்சு வளர்ந்தது. சாதம் பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி, "எங்கயாவது போய்த் தொலை" என்றாள். எந்தத் தமிழ் அம்மா சொல்லாத வார்த்தை அது? நானே என் அம்மாவிடம் நாள் தவறாமல் வாங்கியிருக்கிறேன். தொலைந்தா போனேன்? சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்தேன். இவள் பையைத் தூக்கிக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள்.

பசித்தால் வருவாள் என்றிருந்தோம். வரவில்லை. ஐஸ்கிரீம் கடையில் வேலைக்குச் சேர்ந்து, சிநேகிதியின் அம்மாவுக்கு வாடகை கொடுக்க ஆரம்பித்தாள். நான் கூப்பிடப் போகவில்லை. பெற்றவன் போய்க் கெஞ்சுவதா? என் மனைவி மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் டப்பாவில் எலுமிச்சை சாதம் கட்டி, அந்த வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வருவாள்.

வக்கீல் எங்களுக்குச் சட்டத்தைச் சொன்னார். கலிபோர்னியாவில் பதினாலு வயது ஆகியிருந்தால் போதுமாம். தானாக விரும்பித் தனியே வசிக்க வேண்டும், நேர்மையாகச் சம்பாதித்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அது அவளுக்கு நல்லதல்ல என்று தோன்றினால் நீதிபதி மறுக்கலாம். கூடவே இன்னொன்று. அவள் தனியே இருக்கப் பெற்றோர் சம்மதித்திருக்க வேண்டும், அல்லது ஆட்சேபிக்காமல் விட்டிருக்க வேண்டும். நாங்கள் எங்கே சம்மதித்தோம் என்று அவரிடம் எகிறினேன்.

கோர்ட்டில் தெரிந்தது. மகளைப் போகச் சொன்னீர்களா என்று நீதிபதி கேட்டார். அது கோபத்தில் சொல்வது, அதற்குப் போ என்று அர்த்தமில்லை என்று என் மனைவி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினாள். திரும்பி வரச் சொன்னீர்களா? இல்லை. எங்கே இருந்தாள் என்று தெரியுமா? தெரியும், வாராவாரம் சாப்பாடு கொண்டுபோனேன் என்றாள். அதைச் சொன்னால் தாயின் மனசு புரியும் என்று நினைத்தாள், பாவம். நீதிபதி தன்மையாகத் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். எலுமிச்சை சாதம் எங்கள் சம்மதமாகிவிட்டது. என் நெஞ்சு உடைந்தது அப்போதுதான், தீர்ப்பைக் கேட்டபோது அல்ல.

தீர்ப்பு அவள் பக்கம். வெளியே வராந்தாவில் எங்கள் முன்னால் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். சின்ன வயதிலிருந்து அவள் வாசல் தாண்டும்போதெல்லாம் என் மனைவி திருத்துவாள்: போறேன்னு சொல்லக் கூடாது, போயிட்டு வரேன்னு சொல்லணும். எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் பெண் அன்று தமிழில் பேசினாள்.

"நான் போறேன்மா."

இந்தத் தடவை நான் திருத்த வாயெடுத்தேன். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. அவ சரியாத்தான் சொல்றா."