ஒரே உயரத்தில் நான்கு அன்டெனா

மகள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விடுதியில் தங்கிப் படித்த காலம் முழுக்க, என் பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்ததும், வீட்டுக்குப் போகக் கையெழுத்துப் போடும் வரிசையில் நின்றபடியே ஃபோனில் அவளுக்கு ஒரு கோல் எடுப்பேன். நான் கேட்பது ஒன்றுதான்: "சாப்பிட்டியா மகள்?" அவள் சொல்வதும் ஒன்றுதான்: "ஓமப்பா." அதற்கு மேல் பேச்சு இராது. வரிசையில் நிற்கிற ஆசிரியர்களுக்கு இது பகிடி. "என்ன சேர், இண்டைக்காவது அவ சாப்பிட்டாவாமா?" என்று கேட்பார்கள். நான் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறவன். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது எனக்குப் பயமில்லை. மற்ற நேரங்களில் எதற்காவது பயந்துகொண்டுதான் இருப்பேன். அது என் சுபாவம், வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இறுதி வருடத்தில் அவள் எடுத்த ஆய்வு, பல அன்டெனாக்களைச் சேர்த்து வைத்துக் கம்பியில்லாமல் செய்தி அனுப்புவது பற்றியது. ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தபோது, குசினி மேசையில் இருந்து அதை எங்களுக்கு விளங்கப்படுத்தினாள்.

"முதல்ல பைலட் எண்டு ஒண்டு அனுப்புவம் அப்பா. என்ன வரப்போகுது எண்டு இங்காலயும் தெரியும், அங்காலயும் தெரியும். அதுல செய்தி ஒண்டும் இல்ல."

"செய்தி இல்லாட்டி ஏன் அனுப்புற?"

"வழியைப் பார்க்கத்தான். தெரிஞ்ச ஒண்டு எப்பிடி வளைஞ்சு, தேஞ்சு வந்திரிக்கு எண்டு பார்த்தா நடுவுல என்ன நடந்தது எண்டு கணக்குப் போடலாம். நீங்க மத்தியானம் எடுக்கிற கோல் மாதிரி. நான் சாப்பிட்டனா எண்டு அறியவா எடுக்கிறீங்க? நான் 'ஓம்' எண்டு சொல்ற விதத்துல காய்ச்சலா, அழுதனா எண்டு பார்க்கிறீங்க."

அது உண்மைதான்.

அடுப்பில் திரளி மீன் பொரித்துக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே கேட்டாள்: "அப்ப உன்ட அப்பா பைலட். நான் ஆரு?"

"நீங்க நொய்ஸ் அம்மா. நடுவுல கேக்கிற இரைச்சல்."

"இரு, வாறன்" என்று அகப்பையைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்ப, மகள் மேசைக்கு அந்தப் பக்கம் ஓடினாள்.

இரண்டு பக்கமும் நான்கு நான்கு அன்டெனா வைப்பது ஏன் என்பது எனக்கு உடனே விளங்கியது. ஒரே அலைவரிசையில் நான்கு செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்பினால் எல்லாம் கலந்து வரும். வாங்குகிற பக்கத்திலும் நான்கு காது இருந்தால், ஒவ்வொன்றும் அந்தக் கலவையை ஒவ்வொரு விதமாகக் கேட்கும். நான்கு தெரியாக் கணியங்கள், நான்கு சமன்பாடுகள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் நான் படிப்பிக்கிற ஒருங்கமை சமன்பாடுகள்தான். சமன்பாடுகள் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான்கும் ஒரே சமன்பாடாகிவிட்டால் எதையும் பிரித்தெடுக்க முடியாது.

அவள் அளக்க எடுத்துக்கொண்டது எங்கள் ஊரைத் தொட்டுக் கிடக்கிற வாவியை. தோணியில் ஒரு பலகை, அதில் நான்கு அன்டெனா. கரையில், எங்கள் வீட்டுக்குக் கிட்டப் பாதியில் நின்றுபோன ஒரு மாடிக் கட்டிடத்தின் மேல்தட்டில் இன்னொரு பலகை, அதில் நான்கு. தோணி மெல்ல மெல்லத் தூரப் போகப் போகக் கரைக்கு என்ன வந்து சேர்கிறது என்று லப்டொப்பில் பதிய வேண்டும். கரையில் இருந்து அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய தோழிக்கு டெங்குக் காய்ச்சல். அந்த வேலை எனக்கு வந்தது.

தோணி எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவருடையது. என் வயதுக்காரர். நான் வாங்கிக் கொடுத்த செம்மஞ்சள் லைஃப் ஜக்கெட்டை மகள் போடுவதைப் பார்த்து, "சேர், இந்த இடத்துல எழும்பி நிண்டா தண்ணி நெஞ்சுக்குத்தான் வரும்" என்றார். நான் "நடுவுல?" என்றேன். "நடுவுல எண்டா கொஞ்சம் கழுத்தை நீட்டணும்" என்றார். மகள் சிரித்தாள்.

போகுமுன் அவள் லப்டொப்பை எனக்குக் காட்டினாள். நான்கு நிறத்தில் நான்கு கோடுகள், ஒவ்வொரு அன்டெனாவுக்கும் ஒன்று.

"கோடு மேல நிண்டா நான் நல்லா இரிக்கன் எண்டு வெச்சிக்கொள்ளுங்க. ஒண்டு விழுந்தாலும் பயப்பிடாதீங்க அப்பா, மற்ற மூண்டும் நிக்கும். அதுக்குத்தானே நாலு."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

முதல் இரண்டு தடவையும் மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று. வாவி முழுக்கச் சின்னச் சின்ன அலை. கோடுகள் நடுங்கின, ஏறின, இறங்கின, விழவில்லை. அளந்துகொண்டிருக்கும்போது தோணியில் இருக்கிற ஃபோன்களை நிறுத்தி வைப்பது அவளுடைய ஒழுங்கு. அதனால் கோடுகளைத் தவிர அவளிடமிருந்து எனக்கு எதுவும் வராது. அதுவும் பழகிவிட்டது.

மூன்றாவது தடவை போன பின்னேரம் காற்று விழுந்துவிட்டது. வாவி தகடு போலக் கிடந்தது. நான் வாவியின் கிழக்குப் பக்கம், எழுவான்கரையில் இருந்தேன். சூரியன் படுவான்கரைப் பக்கம் இறங்கிக் கண்ணுக்கு நேரே நின்றது. தண்ணீர் முழுக்க வெளிச்சம். தோணி போய்க்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. அங்கே நங்கூரம் போட்டு நெடுநேரம் அளப்பதாகச் சொல்லியிருந்தாள்.

நான்கு கோடுகளும் ஒன்றாக இறங்கின.

நடுங்கவில்லை, ஆடவில்லை. நான்கு பேர் ஒரு படியில் ஒன்றாகக் கால் வைப்பது போல இறங்கி அடியில் போய் நின்றன. கீழே ஓடிக்கொண்டிருந்தது வெறும் இரைச்சல். நான் லப்டொப்பின் வயரைத் தொட்டுப் பார்த்தேன். அன்டெனாக்களின் வயர்களைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தபடி இருந்தன. பிறகு எழும்பி, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு வாவியைப் பார்த்தேன்.

தோணி தெரிந்தது. கறுப்பாக, அசையாமல். அதில் ஆள் இல்லை.

செம்மஞ்சள் நிறத்தைத் தேடினேன். இல்லை. ஃபோன் எடுத்தேன். அவளுடையதும் நிறுத்தி இருந்தது, தோணிக்காரருடையதும் நிறுத்தி இருந்தது. மனைவிக்கு எடுத்தேன். என் குரல் வேறு யாரோ வகுப்பில் பாடம் வாசிப்பது போல இருந்தது.

"தோணி நிக்குது. ஆக்கள் இல்ல."

"என்ன சொல்றீங்க? வடிவாப் பாருங்க."

"பார்த்திட்டன். கோடும் விழுந்திட்டு."

"என்ன கோடு?"

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று தெரியாது. மாடியிலிருந்து எப்படி இறங்கினேன் என்பதும் தெரியாது. அந்தக் கட்டிடத்துக்குப் படி கட்டியிருக்கவில்லை, ஏணிதான். சப்பாத்தோடு தண்ணீருக்குள் நின்றது தெரியும். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. பயம் என்றுகூட அதைச் சொல்ல மாட்டேன். பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும், வாழ்நாள் முழுக்க அதோடு இருந்தவன். இது வேறு. உள்ளே ஒன்றும் இல்லை. கோடு அடியில் கிடப்பது போல.

பிறகு தோணிக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது. அடுத்து இன்னொரு தலை. இயந்திரம் இரைந்தது.

இரண்டு பேரும் படுத்திருந்தார்கள். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர்தான், அன்டெனாவுக்கு முன்னால் இருந்தால் அலையை மறிக்கும், அதனால் நெடுநேரம் அளக்கும்போது தோணியின் அடித்தட்டில் படுத்துவிடுவோம் என்று அங்கே போன பிறகுதான் மகள் முடிவெடுத்திருக்கிறாள். தோணிக்காரர் நித்திரையே கொண்டுவிட்டாராம்.

தோணி கிட்ட வந்ததும் மகள் கேட்டாள்: "ஏனப்பா தண்ணிக்குள்ள நிக்கிறீங்க?"

நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சேர், குளிக்கிறதெண்டா சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இறங்கிறதுதானே" என்றார். மகள் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அதற்குள் மனைவி வீட்டுச் சட்டையோடு ஓடி வந்துவிட்டாள். மகளைக் கண்டதும் அவளுக்குக் கண்ணீர் வந்தது, மகளுக்கு ஏசினாள், எனக்கும் ஏசினாள், அழுது முடித்தாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. கையைப் பிடித்து என்னைக் கரைக்குக் கூட்டிவந்தார்கள்.

வீட்டில், பால் விடாத பிளேன்ரீ ஆறிக்கொண்டிருக்க, மகள் லப்டொப்பைத் திறந்தாள். நான்கு கோடுகளும் விழுந்த இடத்தைப் பார்த்ததும் என்னை மறந்துவிட்டாள்.

"நாலும் ஒண்டா எப்பிடி விழும்?" என்று தனக்குத்தானே கேட்டாள். திரும்பத் திரும்பப் பெருப்பித்துப் பார்த்தாள். பிறகு எழும்பிப்போய் வாசலில் வைத்திருந்த பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் நான்கு அன்டெனாவும் ஒரே உயரத்தில், பக்கம் பக்கமாக, வகுப்புப் படத்துக்கு நிற்கிற பிள்ளைகள் போல நின்றன.

"அப்பா, புத்தகத்துல இப்பிடித்தான் இரிக்கு. புத்தகம் எழுதினவங்க ரவுனுக்குள்ள, கட்டிடங்களுக்கு நடுவுல இரிக்கிற ஆக்கள். அலை சுவருல பட்டு இந்தப் பக்கத்தால ஒண்டு, அந்தப் பக்கத்தால ஒண்டு வரும். அதுக்குப் பக்கம் பக்கமா வெச்சாச் சரி. எங்களுக்குப் பக்கத்துல சுவர் எங்க? கீழ இரிக்கிற தண்ணிதான் சுவர்."

அவள் வரைந்து காட்டினாள். தோணியிலிருந்து நேரே வருகிற அலை ஒன்று. தண்ணீரில் பட்டுத் தெறித்து வருகிற அலை இன்னொன்று. காற்றடித்துத் தண்ணீர் கலங்கியிருந்தால் தெறிப்பது சிதறிப்போகும். தண்ணீர் கண்ணாடி போல இருந்தால் அது முழுதாக வரும். சில தூரங்களில், சில உயரங்களில், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். தோணி நங்கூரம் போட்டது அப்படியொரு தூரத்தில். நான்கு அன்டெனாவும் ஒரே உயரத்தில் இருந்ததால் நான்குக்கும் ஒரே கதி. நான்கு சமன்பாடுகளும் ஒரே சமன்பாடு. இதைச் சொல்லிவிட்டு அவள், "ஒண்டுக்கு மேல ஒண்டா வெச்சிரிக்கணும்" என்றாள். அவள் முகம் பிரகாசமாக இருந்தது. ஆய்வுக்கு அன்றைக்குத்தான் ஒரு பொருள் கிடைத்திருந்தது. எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதால் எதுவும் மாறவில்லை.

அதற்குப் பிறகும் மத்தியானம் கோல் எடுத்தேன். "சாப்பிட்டியா மகள்?" "ஓமப்பா." முன்பெல்லாம் அந்த ஒரு சொல்லில் அவளுடைய மூக்கடைத்த தடிமனைக் கேட்பேன், பரீட்சைக் கவலையைக் கேட்பேன். இப்போது சொல் வந்து காதில் பட்டது, அதில் எதுவும் கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் பகிடி சொன்னால் சிரித்தேன். கரும்பலகையில் கணக்குச் செய்தேன், பிழை விடவில்லை. மனைவி ஒருநாள், "கோயிலுக்குப் போய் வருவமா?" என்றாள். சித்தாண்டி முருகனிடம் போய் வந்தோம். திருநீறு பூசினேன். வெயில் சுட்டது, அது தெரிந்தது.

அதே இடத்தில், அதே மாதிரித் தண்ணீர் அசையாமல் கிடக்கிற ஒரு பின்னேரம் மறுபடியும் அளக்க வேண்டும் என்று மகள் சொன்னாள். அன்டெனாக்களை மாற்றி வைப்பது சரிதான் என்று காட்ட வேறு வழியில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. மனைவிதான் சொன்னாள்: "நீங்க வேணாம். நான் போய் அந்தக் கோட்டைப் பார்த்திட்டு இரிக்கன்."

"உனக்குக் கோடு விளங்காது" என்றேன். "நான் போறன்."

"அப்பா, மாட்டன் எண்டா மாட்டன் எண்டு சொல்லுங்க" என்றாள் மகள். அந்த நேரம் நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன். துணிவென்று நினைக்க வேண்டாம். மாட்டேன் என்று சொல்வதற்கும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.

மேல்தட்டில் கமுகந்தடி ஒன்றை நிறுத்தி, நான்கு அன்டெனாவையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, இடைவெளி விட்டுக் கட்டியிருந்தாள். தோணியிலும் அப்படியே ஒரு தடி. சோற்றுப் பார்சல் ஒன்றை மனைவி எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். தோணி போனது. வெளிச்சம் கண்ணுக்கு நேரே வந்தது. அந்த இடத்தில் நின்றது. இரண்டு தலைகளும் கீழே போயின. படுப்போம் என்று போகுமுன்னரே சொல்லியிருந்தார்கள். இருந்தும் நான் பார்த்தது ஆள் இல்லாத தோணியைத்தான்.

கீழிருந்து இரண்டாவது அன்டெனாவின் கோடு, பச்சை, இறங்கத் தொடங்கியது. இறங்கி அடியில் போய்க் கிடந்தது. மற்ற மூன்றும் நின்றன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிம்மதி என்று ஒன்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மூன்று கோடுகளும் நின்றன.

பிறகு திரையின் கீழ்ப்பக்கம், முன்பு எண்கள் மட்டும் ஓடிய இடத்தில், எழுத்து வந்தது. அனுப்புகிற செய்தியாக எதையாவது வைக்க வேண்டுமே என்று அவள் வைத்தது அது. ஒரே வரி, திரும்பத் திரும்ப, பிழையில்லாமல்:

சாப்பிட்டீங்களா அப்பா

சாப்பிட்டீங்களா அப்பா

அங்கே பதில் அனுப்ப வழியில்லை. அது ஒருவழிப் பாதை. "ஓம் மகள்" என்று சத்தமாகச் சொன்னேன். என் குரல் உடைந்திருந்தது, எனக்கே கேட்டது. பக்கத்தில் பார்சல் கட்டு அவிழ்க்காமல் இருந்தது. அவள் கரைக்கு வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பாள். அவிழ்த்து, கோடுகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். கறியில் உப்புக் கூடிப்போயிருந்தது.