பன்றி ஓடும், முள்ளெலி ஓடாது

காட்டுப்பன்றியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் வன்னியில் காடு வெட்டித் தோட்டம் செய்த காலத்தில் நான் கண்ட பன்றிகளை, புத்தகம் எழுதுகிறவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். பன்றிக்குக் கண் மந்தம்; மூக்கும் காதும் கூர்மை. சத்தம் கேட்டால் யோசிக்காது, நேரே பாயும். குறுக்கே வேலி நின்றால் வேலியும் கூடவே போகும். அதனால் பற்றைப் புதருக்கு நெருப்பு வைக்குமுன் தடியால் அடித்துக் கூவுவோம். உள்ளே இருக்கிற சீவன்கள் ஓடிவிடும். பிறகுதான் குச்சி கிழிப்போம். பாவம் சேராது.

எண்பத்தாறோ ஏழோ, ஜெர்மனியில் டோர்ட்மண்டுக்குப் பக்கத்து அகதி முகாமில் இருந்தேன். இலையுதிர் காலத்தில் நகரசபை எங்களைப் பூங்காவில் சருகு கூட்ட விட்டது. மற்றவர்கள் ஒரு குவியல் போடுமுன் நான் மூன்று போடுவேன். எங்களுக்குப் பொறுப்பான ஜெர்மன்காரரை மைஸ்டர் என்போம். எனக்கு வேலை அனுமதி கிடைத்திருந்த நேரம் அது. மரக்கன்றுத் தோட்டம் ஒன்றில் ஆள் தேவைப்பட்டது. மைஸ்டரின் நற்சான்றுக் கடிதம் இருந்தால் எடுப்பார்கள், இல்லாவிட்டால் இல்லை. அந்தக் கடிதத்துக்காகத்தான் அப்படிக் கூட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏழு குவியல் முடித்தேன். கூட்டிய கஞ்சல் குப்பையைக் கொளுத்தாமல் விடுவது எங்கள் ஊரில் அரைகுறை வேலை. யாரையும் கேட்கவில்லை. முதல் குவியலைத் தடியால் நாலு பக்கமும் அடித்தேன், கூவினேன். ஒன்றும் ஓடவில்லை. குச்சியைக் கிழித்து வைத்தேன்.

புகை கிளம்பியதும் எதிர்வீட்டு அம்மா சமையல் துணியோடு கத்திக்கொண்டு ஓடிவந்தார். என்னோடு கூட்டிய அறைத்தோழனுக்கு ஜெர்மன் தெரியும். அவன் முகம் வெளிறியது.

“அண்ணை, உதுக்குள்ளை குளிருக்கு முள்ளெலி படுத்திருக்குதாம்!”

“விசர்க்கதை கதையாதை. கிடந்தால் ஓடியிருக்கும். ஊர் அதிர அடிச்சனான்!”

“அது ஓடாதண்ணை. சத்தம் கேட்டால் பந்து மாதிரிச் சுருண்டு அந்த இடத்திலேயே கிடக்கும்.”

“உதை ஏன்ரா முதலே சொல்லேல்லை?”

“நீங்கள் ஆரையாவது கேட்டனீங்களே?”

இரண்டு கையையும் குவியலுக்குள் விட்டேன். எரிகிற சருகை அவன் மிதித்து அணைத்தான். அடியில், பலாப்பிஞ்சு அளவில் முள்ளாய் ஒன்று தட்டுப்பட்டது. உள்ளங்கை முழுக்கக் குத்தியது, நான் விடவில்லை. வெளியே எடுத்து அந்த அம்மாவின் துணியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் முள்ளுக்குள்ளிருந்து ஈரமான சின்ன மூக்கு எட்டிப் பார்த்தது. மூக்கு மட்டும் அச்சாய்ப் பன்றி மூக்கு! மற்றதெல்லாம் எதிர்மாறு. ஆளையே தூக்கி எறிகிற பன்றி ஒரு கூவலுக்கு ஓடுகிறது. கைக்குள் அடங்குகிற இது, தன் தோலை நம்பி நெருப்புக்குள் கிடக்கிறது.

மைஸ்டர் வந்தார். கரிந்த சருகைப் பார்த்தார், சிவந்து போனார். பூங்காவில் நெருப்பு வைப்பதே குற்றமாம்.

“கடிதம் தரமாட்டாராம், அண்ணை,” என்றான் தோழன்.

ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “மிச்சம் ஆறு குவியலையும் கையாலை பிரிச்சுப் பாக்கிறன் எண்டு சொல்லு. சருகு கூட்டுற இரும்பு வாரியைத் தொடமாட்டன்.”

அந்த அம்மாவும் என் கையைக் காட்டி ஏதோ பேசினார். மைஸ்டர் கைகட்டி நின்றார். குனிந்த முதுகு நிமிராமல் ஆறையும் பிரித்தேன். இன்னும் இரண்டு முள்ளெலிகள் கிடைத்தன. ஒன்றுக்கும் ஒரு கீறல் இல்லை. மூன்றையும் வேலியோரம் சருகு மெத்தை போட்டுக் கிடத்தினேன். அந்த மெத்தையைப் போல் ஒன்றை ஜெர்மன்காரராலும் போட ஏலாது.

திங்கட்கிழமை மைஸ்டர் கடிதத்தை நீட்டினார். தோழன் வாசித்தான்: “கடும் உழைப்பாளி. மிருகங்களில் இரக்கம் உள்ளவர். நெருப்புப்பெட்டி மட்டும் கொடுக்க வேண்டாம்.”

மரக்கன்றுத் தோட்டக்காரர் அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த நாளே வரச் சொன்னார்.