ஐஸ் பார்கள் வளைந்த கதை

கேஸை மூடினோமா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்க்கிறவள் நான். சின்ன வயதில் இன்னும் மோசம். அப்படிப்பட்டவளே திருட்டுத்தனமாக ஐஸ் ரூமுக்குள் நுழைந்தேன் என்றால், போடியின் சித்திரை வெயிலை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் ஐஸ் கம்பெனியில் ராப்பகலாக மெஷினைப் பார்த்துக்கொண்டது என் தாய்மாமா. மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டு போவது என் வேலை. அவர் சாப்பிடுகிற நேரத்தில் உள்ளே போய், அடுக்கி வைத்த பார்களின் மேல் சாக்கை விரித்து ஏறி உட்கார்ந்துகொள்வேன். திருவிழாவுக்கென்று மூன்று வாரமாகச் சேர்த்த அடுக்கு அது. தரையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, இரண்டு முனைக்கும் கட்டை கொடுத்துப் படுக்கவைத்திருந்தார்கள்.

லோடு ஏற்றும் நாளில் மேலே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால், அடியில் இருந்த பார்கள் பழைய கயிற்றுக்கட்டில் மாதிரி நடுவில் தொங்கிக் கிடந்தன. ஒரு விரிசல்கூட இல்லை.

"மெஷின நிறுத்திட்டு எங்கய்யா போன?" என்றார் முதலாளி.

"நிறுத்தலண்ணே. உருகியிருந்தா தரை நனைஞ்சிருக்கும்ல? தொட்டுப் பாருங்க," என்றார் மாமா.

"உருகாம எப்பிடி வளையும்? ஐசென்ன ரப்பரா?"

சாவியைக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போ என்று முதலாளி கையை நீட்டினார். தூக்குவாளியோடு வாசலில் நின்ற நான் உள்ளே ஓடினேன்.

"நாந்தேன்! தெனமும் மேல ஏறி ஒக்காந்தேன். போலீசு வருமா மாமா?"

சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதேன். மாமா என்னையே பார்த்தார். பிறகு சாவியை எடுத்து நீட்டினார்.

"நாந்தேண்ணே. ராத்திரியில நிறுத்திட்டு சினிமாவுக்குப் போயிருவேன்." என்னிடம் திரும்பி, "நீ ஒக்காந்தா வளையுமா, கழுத? அழாம வீட்டுக்குப் போ," என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அதன்பிறகு மாமா குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் களை வெட்டப் போனார். மாதம் ஒருமுறை இறங்கி வருவார். வீட்டில் ஆளாளுக்கு அவரைக் கேலி செய்வார்கள், நானும் சேர்ந்துகொள்வேன். "இன்னிக்கு என்ன படம் மாமா?" என்பேன். "போத்தா, அப்ப புத்தியில்ல," என்று சிரிப்பார்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். போன மாதம் மகள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். சூரியனுக்கு வெகு தூரத்தில் இருக்கிற ஏதோ ஒரு உலகத்தில், நாம் நினைத்தே பார்க்க முடியாத குளிரில், கனத்த ஐஸ் பாளங்கள் பாரம் தாங்காமல் மெல்ல நெளிந்து நகர்கின்றனவாம், பிசைந்த மாவு போல. ஒரு சொட்டும் உருகாமலே. பூமியிலும் அப்படித்தானாம். அடித்தால் உடைகிற ஐஸ், நாள் கணக்கில் பாரம் சுமந்தால் வளையுமாம். அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தேன்.

அப்படியென்றால், மெஷின் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. மாமா எந்தச் சினிமாவுக்கும் போகவில்லை. என் அழுகையை நிறுத்தத்தான் வேலையை விட்டுக்கொடுத்து அந்தப் பொய்யைச் சொன்னார் என்பது, என்ன படம் என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவளுக்குத் தெரியவில்லை.