மகள் திறந்த கதவு

கணவர் எங்களை விட்டுப் போனபின், மகள் என்னை ஒரு நிமிடமும் பிரியமாட்டாள். பள்ளிக்கூட வாசலில் என் கையை விடாமல் நடுங்குவாள். பிள்ளைகளுக்கு விளையாட்டு மூலம் சிகிச்சை தரும் ஒரு ரீச்சரிடம் நல்லூருக்குக் கூட்டிப் போனேன். அங்கே அவள் அம்மா பொம்மையைப் பொம்மை வீட்டுக்குள் வைத்துக் கதவை அடைத்துவிடுவாள்.

“அம்மா வெளியிலை போனால் என்ன நடக்கும்?” என்று ரீச்சர் கேட்டார்.

“திரும்பி வரமாட்டா.”

ரீச்சர் அவளைத் திருத்தவில்லை. கூடவே இருந்து விளையாடினார்.

பல வாரங்கள் கழித்து, மகளே அந்தக் கதவைத் திறந்தாள். அம்மா பொம்மையை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளைப் பொம்மையிடம் சொன்னாள்: “பயப்பிடாதை. அம்மா வேலைக்குப் போட்டுப் பின்னேரம் வந்திடுவா.”

அடுத்த திங்கட்கிழமை, “நீங்கள் போங்கோ அம்மா, நான் போட்டு வாறன்” என்று பள்ளிக்கூடத்துக்குள் நடந்தாள். நான்தான் நகர மனமில்லாமல் நின்றேன். அவ்வளவு பெரிய பயத்தை என் பிள்ளை விளையாடியே கடந்துவிட்டாள்.