மூன்றாவது பிளக்

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. மற்ற நாட்களில் விடிந்ததிலிருந்து வீட்டுக்கு வீடு தடதடத்துக்கொண்டிருக்கும் சத்தம் அன்றைக்கு மட்டும் நின்றுபோய், காக்காய்க்குச் சோறு வைத்துக் கூப்பிடுகிற குரல் தெருக்கோடி வரை கேட்கும். அப்படி ஓர் அமாவாசையாகப் பார்த்துத்தான் சித்தப்பா தன் முதலாளியின் வெள்ளைக் காரை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அப்போது எனக்கு ஒன்பது வயது. எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமே இல்லை என்ற எண்ணமும் இருந்தது.

சித்தப்பா, அப்பாவின் தம்பி. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் தறியில் உட்கார்ந்தபோது, இவர் ஒருவர் மட்டும் "என்னால ஆவாதுபா" என்று எழுந்துபோய் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். பட்டுக்கடை முதலாளி ஒருவரிடம் டிரைவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். அதைத் தன் கையாலேயே துவைத்து நீலம் போட்டுக்கொள்வார், சித்தியிடம் கூடக் கொடுக்கமாட்டார்.

அந்த வேலைக்கு இப்போது ஆபத்து வந்திருந்தது. முந்தின வாரம் மூங்கில் மண்டபம் சந்திப்பில், முதலாளியின் மனைவியும் மாமியாரும் பின்னால் உட்கார்ந்திருக்க, கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. பஸ்காரர்கள் அடித்த ஹாரனில் அந்த அம்மாக்கள் காதைப் பொத்திக்கொண்டார்களாம். சித்தப்பாவோ ஒன்றுமே நடக்காததுபோல மெதுவாக இறங்கி பானெட்டைத் திறந்தாராம். "அவன் எதுக்கும் அசரமாட்டான்" என்று அப்பாவுக்கு அதில் பெருமை. முதலாளிக்கு இல்லை. வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு திருப்பதி போகிறோம், வழியில் ஒரு தடவை நின்றால்கூட வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வேலை போனால் சித்தப்பாவுக்குத் தறிதான் கதி.

மெக்கானிக்கிடம் விடக்கூடாதா என்று அம்மா கேட்டாள்.

"அவன் மூணு நாள் வெச்சிப்பான் அண்ணி. நானே பாத்துக்கறேன். பாப்பாவ மட்டும் என்கூட வுடுங்க."

வேறென்ன வேண்டும் எனக்கு? மூன்று அண்ணன்கள் இருக்கிற வீட்டில் என்னைக் கேட்டிருக்கிறார்! தலைகால் புரியவில்லை.

பானெட்டைத் தூக்கியதும் சூடான எண்ணெய் வாசனை அடித்தது. எது எதற்கு என்று நான் துளைத்தெடுத்தேன், அவரும் சலிக்காமல் சொன்னார். பெட்ரோலும் காற்றும் கார்புரேட்டரில் கலக்கும். கலந்தது நான்கு அறைக்குள் போகும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பிளக், அது பொறி தட்டும், டப்பென்று வெடிக்கும். அந்த வெடியில்தான் சக்கரமே சுற்றுகிறது.

"நாலும் வரிசையா வெடிக்கணும். ஒண்ணு சோம்பேறியா இருந்தா மத்த மூணும் அத்த இழுத்துக்கினு ஓடும். அதான் நின்னு நின்னு போவுது."

எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு என்று பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லாதது அதிசயம்தான்.

"சோம்பேறி எதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது சித்தப்பா?"

"நீதான் கண்டுபுடிக்கப் போற."

இன்ஜினை ஓடவிட்டு, துணியால் பிடித்து, முதல் பிளக்கின் வயரைக் கழற்றினார். இன்ஜின் தடுமாறியது. "சத்தம் மாறுதா?" என்றார். மாறுது என்றேன். அதை மாட்டிவிட்டு இரண்டாவதைக் கழற்றினார். அதற்கும் தடுமாறியது. மூன்றாவதைக் கழற்றினார், சத்தம் துளியும் மாறவில்லை.

"அப்படியேதான் இருக்குது சித்தப்பா!"

"நல்லாக் கேட்டுச் சொல்லுமா."

"சத்தியமா மாறல."

வேலையே செய்யாதவன் இருந்தால் என்ன, போனால் என்ன! கழற்றிப் பார்த்தால் பிளக்கின் முனை அடுப்புக்கரியாக இருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, ஆக்சா பிளேடை முனையின் இடுக்கில் விட்டு இடைவெளி சரியா என்று பார்த்து, மறுபடி மாட்டினார்.

அடுத்தது கார்புரேட்டர். அதில் இரண்டு திருகு. ஒன்று, கார் நிற்கும்போது இன்ஜின் எவ்வளவு வேகத்தில் ஓடவேண்டும் என்பதற்கு. இன்னொன்று, எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதற்கு. பெட்ரோல் கூடினால் கறுப்புப் புகை, குறைந்தால் திக்கல். "இந்தப் பக்கம் திருப்பினா ஒரு எடத்துல கெடும். அந்தப் பக்கம் திருப்பினா இன்னொரு எடத்துல கெடும். ரெண்டுக்கும் நடுவுல எங்க சொகமா ஓடுதுன்னு பாக்கணும். அவ்ளோதான் ட்யூனிங்கு" என்றார்.

ஒரு கையால் திருகினார். இன்னொரு கையை, துணியை மடித்துப் போட்டு இன்ஜினின் மேலேயே வைத்திருந்தார். கண் மட்டும் என் முகத்தை விட்டு நகரவில்லை. "இப்ப?" "திக்குது." "இப்ப?" "பரவால்ல." பிறகு வேகத் திருகைத் திருப்பினார் பாருங்கள், இன்ஜின் ஓவென்று அலறி, படுத்திருந்த தெருநாய் எழுந்து ஓடியது. "டேய், அத்த அமுத்துடா!" என்று உள்ளேயிருந்து அப்பா கத்தினார். சித்தப்பா என்னிடம், "ஏறிச்சா?" என்றார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாத்தியார் விடையைத் தெரிந்துகொண்டே கேள்வி கேட்பதில்லையா, அப்படி என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னேன். நான் "போதும்" என்ற இடத்தில் நிறுத்தினார். இழை அறாத தறி போல ஒரே சீராக ஓடியது. சித்தப்பா என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, முகமெல்லாம் கிரீஸ் ஆக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, அப்பா நெய்துகொண்டிருந்த கல்யாணப் புடவையைப் பார்க்க முதலாளி வந்தார். சித்தப்பாதான் ஓட்டிவந்தார். இன்ஜினை அணைக்காமலே இறங்கி முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். முதலாளி வாசலிலேயே என் கையில் ஒரு லட்டை வைத்தார்.

"ஒரு எடத்துல நிக்கலமா. மலை கூட சும்மா ஏறிடுச்சி. உங்க சித்தப்பனுக்கு ராசியான கை."

எனக்குப் பொறுக்கவில்லை. "கைதான் அவருது, காது என்னுது!" என்றேன். அவர் சிரித்தார். சிரித்ததும் எனக்குக் குஷி வந்துவிட்டது, நடித்தே காட்டினேன். "வண்டி ஓன்னு கத்துது, நாய் ஓடுது, அப்பா கத்தறாரு, இவுரு என்னாண்ட ஏறிச்சா, ஏறிச்சான்னு கேக்கறாரு! எல்லாம் நான்தான் சொன்னேன்."

முதலாளியின் சிரிப்பு நின்றது. திரும்பி, நாலடி தள்ளி முதுகைக் காட்டி நின்ற சித்தப்பாவை, "டிரைவர்" என்று கூப்பிட்டார். சித்தப்பா துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் உரக்க, "டிரைவர்!" என்றார். பிறகு இரண்டு கையையும் படபடவென்று தட்டினார். சித்தப்பா கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த பூச்சியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முதலாளியிடமே விளையாடுகிற தைரியம் சித்தப்பாவுக்குத்தான் வரும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அந்தக் காரை வேறொருவர் ஓட்டிவந்தார். சித்தப்பா அப்பாவுக்குப் பக்கத்துத் தறியில் உட்கார்ந்திருந்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. சித்தப்பா எப்போதும்போல "வாமா" என்றுதான் கூப்பிட்டார். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. அன்றைக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் போய் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்: கார் இப்போது அவ்வளவு நன்றாக ஓடுகிறது, அதை ஓட்டுவதற்கு எங்கள் சித்தப்பாவே தேவையில்லை, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்.