மிச்சமில்லாத கம்ப்யூட்டர்

அவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது பாங்க் பாஸ்புக்கில் பத்திரமாக இருந்தது. தெருவில் அவருக்குப் பெயர் 'மிச்சம்'.

காரணம் இல்லாமல் இல்லை. எந்த மெஷினைத் திறந்தாலும் அவர் கைக்கு அது சரியாகிவிடும். இதை அவருடைய எதிரிகூட ஒப்புக்கொள்வான். ஆனால் மூடி முடித்துவிட்டு எழுந்தால் உள்ளங்கையில் ஒரு ஸ்குரு மிஞ்சியிருக்கும். இரண்டு கிடையாது, மூன்று கிடையாது, ஒன்றே ஒன்று. அதை ஒளித்து வைக்கிற புத்தி அவருக்கு இல்லை. மெஷினுக்குச் சொந்தக்காரியிடமே நீட்டிக் காட்டுவார்.

"கம்பெனிக்காரன் ஒண்ணு அதிகமாப் போட்டிருக்கான்மா. இது இல்லாமலே ஓடும்."

ஓடும். அதுதான் வயிற்றெரிச்சல். ஓடாமல் நின்றால் நான்கு வார்த்தை திட்டலாம். ஓடுகிற மெஷினை வைத்துக்கொண்டு யார் யாரைத் திட்டுவது?

கல்யாணமான முதல் வாரம் மேஜை ஃபேனைப் பிரித்துச் சரிசெய்தார். புது மனைவி அவர் உள்ளங்கையைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், மறுபடி உள்ளங்கையைப் பார்த்தாள். ஃபேன் ஜோராகச் சுற்றியது. அவள் காலி காப்பித்தூள் பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்து, ஸ்குருவை அதில் 'டிங்' என்று போட்டாள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பாட்டில் இப்போது கழுத்து வரை வந்துவிட்டது. விருந்தாளி வந்தால் அவர் அதை அலமாரியின் பின்பக்கம் தள்ளுவார். தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் அவள் அதை முன்பக்கம் இழுத்து வைப்பாள். கம்பெனிக்காரன் கதையை அவள் ஒரு நாளும் நம்பியதில்லை. "எல்லா ஊர் கம்பெனிக்காரனும் கூடிப் பேசி உங்களுக்குன்னே ஒண்ணு அதிகமாப் போடுறானாக்கும்" என்பாள்.

அவள் வீட்டு பிளான் வரைகிறவள். ஒரு என்ஜினியர் ஆபீசில் பதினோரு வருஷம் வரைந்தாள். என்ஜினியர் வயதாகி ஆபீசை மூடிவிட்டார். நான்கு மாதம் வீட்டில் சும்மா இருந்ததில் அவள் சமையலறை அலமாரியை மூன்று முறை இடம் மாற்றிவிட்டாள். நான்காவது முறை சுவரையே மாற்றுவாளோ என்று மெக்கானிக் பயந்துகொண்டிருந்த நேரத்தில் இன்னொரு ஆபீசிலிருந்து போன் வந்தது. வீட்டிலிருந்தே வேலை. ஆனால் முதலில் ஒரு பரீட்சை. திங்கட்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் ஒரு மாடி வீட்டை முழுசாக வரைந்து அனுப்ப வேண்டும், அதுவும் சொந்தக் கம்ப்யூட்டரில்.

வீட்டில் இருந்தது ஒரு கிழட்டு லேப்டாப். அதில் மாடி வீட்டுப் படத்தைத் திறந்தால் கீழ்த்தளம் வரும். மாடிப்படி வருவதற்குள் காப்பி ஆறிவிடும். மாடி வரவே வராது.

இந்த இடத்தில்தான் அவளுடைய அண்ணன் போனில் நுழைந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேனேஜர். பெட்டியில் வராத எந்தப் பொருளையும் தொடமாட்டார். வாங்கிய பொருள் பழசாகித் தூக்கிப் போட்ட பிறகும் அதன் அட்டைப்பெட்டியும் வாரண்டி அட்டையும் அவர் வீட்டுப் பரணில் இருக்கும். மெக்கானிக் தன் மனசுக்குள் அவருக்கு வைத்த பெயர் 'வாரண்டி'.

"மாப்பிள்ளை, எதுக்குக் கஷ்டம்? என் ஆபீஸ்ல புதுசு ஒண்ணு பெட்டியோட சும்மா இருக்கு. கொண்டுவந்து வைக்கிறேன். வாரண்டி இருக்கு. நீங்க தொடாம இருந்தீங்கன்னா அது பாட்டுக்கு ஓடும்."

கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் மெக்கானிக் சரி என்றிருப்பார். அது சுருக்கென்று தைத்துவிட்டது.

"வேணாம் மச்சான். நானே கட்டிடுறேன்."

"கட்டுறீங்களா? என்ன, வீடா?"

"பார்ட் பார்ட்டா வாங்கிக் கட்டுறதுதான். இவ வரையிற வேலைக்கு எது வேணுமோ அதைப் பாத்துப் போடலாம். வாஷிங் மெஷினைவிட இது சுளுவு, தண்ணி கிடையாது."

வாரண்டி சிரித்த சிரிப்பு போனில் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த தங்கையைக் கேட்டார்: "நீ என்னம்மா சொல்ற? பரீட்சை உனக்கு."

மெக்கானிக் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டார்.

"அவர் கட்டிடுவார் அண்ணா" என்றாள் அவள்.

"சரி. எதுக்கும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம பெட்டியைக் கார்ல போட்டுக்கிட்டு வரேன். ஓடலைன்னா இறக்கிடலாம்" என்று வாரண்டி முடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முன்னறை மேஜையில் பழைய போர்வையை விரித்து, மெக்கானிக் பாகங்களை வரிசையாகப் பரப்பினார். கேபினெட், மதர்போர்டு, பிராசஸர், ரேம், மின்சாரம் கொடுக்கிற பெட்டி, படம் வரைய கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், மானிட்டர். சிலவற்றோடு ஒரு குட்டிப் பை, பையில் ஸ்குரு. ஒவ்வொன்றோடும் ஒரு காகிதம். காகிதங்களையெல்லாம் திரட்டி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். காகிதம் பார்த்து வேலை செய்கிறவன் மெக்கானிக்கே இல்லை என்பது அவர் கட்சி.

எண்பது கிலோ மெஷினை ஒற்றை ஆளாகப் புரட்டிப் பழகிய கை, பிராசஸரை இரண்டு விரல் நுனியால் மட்டும் எடுத்தது. தபால்தலை அளவுதான் இருந்தது அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் இடத்தில் வைத்தார். வைத்துவிட்டு, இவ்வளவு நேரம் மூச்சு விடவில்லை என்பது நினைவு வந்து, மொத்தமாக விட்டார். ரேமை அழுத்தியபோது 'டக்' என்று உட்கார்ந்தது. அதற்கப்புறம் பழைய மெக்கானிக் திரும்பி வந்துவிட்டார். போர்டைக் கேபினெட்டில் பொருத்திக்கொண்டே, காய்ந்த துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு வாய் ஓயாமல் பாடம் நடத்தினார்.

"பாத்தியா, இதுல எல்லாமே சொருகுறதுதான். உங்க அண்ணன் என்னமோ ராக்கெட் மாதிரி பேசுறார். ஆபீஸ்ல ஏசில உக்காந்து கையெழுத்துப் போடுறவருக்கு என்ன தெரியும்?"

'என்ன தெரியும்' என்று கையை வீசியபோது ஒரு ஸ்குரு விரலிலிருந்து நழுவியதுபோல் இருந்தது. குனிந்து தரையைப் பார்த்தார். இல்லை. அப்படியானால் நழுவவில்லை என்று முடிவு கட்டி, பையிலிருந்து அடுத்ததை எடுத்து முடுக்கினார்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. வழக்கப்படி உள்ளங்கையைப் பார்த்தார். காலி. பைகளை உதறினார். காலி. போர்வையை உதறினார், மேஜைக்கு அடியில் தவழ்ந்தார். ஒன்றும் இல்லை. அவருக்கே நம்ப முடியவில்லை.

"ஏய், இங்க வா! அந்த பாட்டிலை எடுத்துக்கிட்டு வா!"

அவள் பாட்டிலோடு வந்தாள்.

"மூடி வை. இன்னிக்கு வேலை இல்லை அதுக்கு. ஒண்ணுகூட மிஞ்சலை. எல்லாம் போட்டாச்சு!"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவள் கையைப் பார்த்தாள், கேபினெட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷத்துக்குப் பதில் ஒரு யோசனைதான் வந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

ஸ்விட்சை அழுத்தினார்.

ஃபேன் அரைச் சுற்று சுற்றியது. நின்றது.

மறுபடி அழுத்தினார். அரைச் சுற்று. நின்றது. திரையில் ஒரு வெளிச்சமும் இல்லை.

முதலில் வீட்டு மின்சாரத்தைத் திட்டினார். சமையலறை பிளக்கில் மாட்டினார். அங்கேயும் அதே அரைச் சுற்று. பிறகு கடைக்காரனைத் திட்டினார். பிறகு பாகம் செய்த கம்பெனிகளை, தனித்தனியாக. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ரேமைக் கழற்றி மாட்டினார். ஒயர்களைப் பிடுங்கிச் சொருகினார். மூன்று மணி ஆயிற்று, மூன்றரை ஆயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

வாரண்டி சிரிப்பார். சிரிக்கட்டும், இருபத்திரண்டு வருஷமாகச் சிரிக்கிற மனுஷன்தானே. அதுவல்ல அவரை அறுத்தது. 'அவர் கட்டிடுவார் அண்ணா' என்று ஒருத்தி சொன்னாளே, யோசிக்காமல், ஒரு நிமிஷம்கூட இழுக்காமல். நான்கு மாதம் அலமாரியை நகர்த்திக்கொண்டிருந்தவள், கையில் வந்த பரீட்சையை நம்பி அவர் கையில் கொடுத்துவிட்டாள். இனி அவள் அண்ணன் பெட்டியில்தான் வரையப் போகிறாள். அதற்கப்புறம் தன்னை நம்பி எதையாவது கொடுப்பாளா?

"உங்க அண்ணனுக்குப் போன் போடு" என்றார். "அஞ்சு மணிக்கே வரச் சொல்லு. நீ கொஞ்சம் பழகிக்கலாம்."

அவள் போனை எடுக்கவில்லை. நாற்காலிக்கு அடியில் குனிந்து காகிதங்களை அள்ளி எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிளான் பார்க்கிறவள் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு காகிதத்தையும் மூலையிலிருந்து மூலை வரை படித்தாள்.

"என்னங்க, இந்த போர்டுல எத்தனை ஸ்குரு முடுக்கியிருக்கீங்க?"

"எத்தனை ஓட்டையோ அத்தனை."

"எண்ணுங்க."

"இதுக்கெல்லாம் எண்ணுவாங்களா?"

"எண்ணுங்க, சொல்றேன்."

எண்ணினார். ஒன்பது.

"போர்டுக்கான பையில எத்தனை இருந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும் போட்டாச்சு, அவ்வளவுதான்."

அவள் காகிதத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். பைக்குப் பக்கத்தில் ஸ்குரு படம் போட்டு, பத்து என்று எழுதியிருந்தது. அடியில் சின்ன எழுத்தில்: ஒன்பது போர்டுக்கு, ஒன்று உபரி.

மெக்கானிக் ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். படாரென்று எழுந்தார்.

"பாத்தியா! பாத்தியா! கம்பெனிக்காரன் ஒண்ணு அதிகமாத்தான் போடுறான்! எழுதியே வச்சிருக்கான்! இருபத்திரண்டு வருஷமா நான் தொண்டை கிழியச் சொன்னேனே, ஒருத்தராவது நம்பினீங்களா?"

காகிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னறையை ஒரு சுற்று சுற்றி வந்தார். அவள் ஆற அமரக் காத்திருந்தாள்.

"ஒத்துக்கிறேன். பத்து போட்டிருக்கான். ஒன்பது முடுக்கியாச்சு. பை காலி, கை காலி, தரை காலி." கண்ணாடியைக் கழற்றினாள். "அப்போ பத்தாவது எங்க?"

சுற்றிக்கொண்டிருந்தவர் நின்றார்.

"மிச்சம் விழாம நீங்க எதையும் மூடினதே கிடையாதுங்க. அப்பவே எனக்கு உதைச்சுது. வெளியில விழலைன்னா உள்ள விழுந்திருக்கு."

கையை வீசியது நினைவு வந்தது. விரலில் ஏதோ நழுவியது நினைவு வந்தது. போர்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் இரும்பு ஒன்று கிடந்தால் ஃபேன் அரைச் சுற்றுக்கு மேல் எப்படிச் சுற்றும்? இதைச் சொல்லித்தர அவருக்கு யாரும் தேவையில்லை. வாஷிங் மெஷினில் இதே குற்றத்தை எத்தனை வீட்டில் கண்டுபிடித்திருக்கிறார்!

பிளக்கைப் பிடுங்கினார். கார்டைக் கழற்றி வைத்தார். இருவருமாகக் கேபினெட்டைப் படுக்கைக்குத் தூக்கிப் போனார்கள். பால் குடித்த குழந்தையைக் கவிழ்த்து முதுகில் தட்டுவதுபோல் அவர் அதைக் கவிழ்த்துப் பிடிக்க, அவள் மெல்லத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. இந்தப் பக்கம் சாய்த்தார். உள்ளே 'கிளுக்' என்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் சாய்த்தார். மதர்போர்டின் அடியிலிருந்து உருண்டு, விளிம்பில் ஒரு நொடி நின்று, போர்வை மேல் விழுந்தது பத்தாவது ஸ்குரு.

அதன் பிறகு கார்டைத் திரும்ப மாட்டி ஸ்விட்சை அழுத்தினால் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. திரையில் வெளிச்சம் வந்தபோது மெக்கானிக் சட்டென்று முகத்தைத் திருப்பி ஜன்னலைச் சாத்தப் போனார். சாத்தியிருந்த ஜன்னல்தான்.

பிளான் வரைகிற சாஃப்ட்வேரையெல்லாம் ஏற்றி முடிக்க ஐந்தரை ஆயிற்று. அவள் பழைய மாடி வீட்டுப் படம் ஒன்றைத் திறந்தாள். கீழ்த்தளம், மாடிப்படி, மாடி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வரை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நின்றது. வீட்டை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். அவள் சிரித்தாள், வாய்விட்டு. இந்தச் சிரிப்பை மெக்கானிக் நான்கு மாதமாகக் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு வாரண்டி வந்தார், அட்டைப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு. திரையில் வீடு சுழல்வதைப் பார்த்ததும் பெட்டியை எங்கே இறக்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு தானே இறக்கி, சட்டையைத் தட்டிக்கொண்டு, கேபினெட்டைச் சுற்றிச் சுற்றி வந்து குற்றம் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் மூடிய கையில் கண் போயிற்று.

"கையில என்ன மாப்பிள்ளை?"

மெக்கானிக் கையைத் திறந்தார். வேறு என்ன செய்வது? உள்ளங்கையில் அது இருந்தது.

வாரண்டிக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. "ஆகா! மிச்சமா? இதுலயுமா? நாளைக்குப் பரீட்சைக்கு நடுவுல புட்டுக்கப் போகுது பாரு! எங்க கழண்டதோ, எதுக்குப் போட்டதோ!"

இந்த நேரத்தில்தான் மெக்கானிக் வழக்கமான பதிலைச் சொல்லவேண்டும். ஆனால் மதர்போர்டுக்கு அடியில் கிடந்த ஸ்குருவைப் பற்றி அந்த வாயால் எப்படிச் சொல்வது? காகிதம் எங்கே என்று கண்ணால் தேடினார்.

மனைவி திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. வீட்டை இன்னொரு சுற்று சுற்றிவிட்டு, பாட்டிலைப் பின்னால் நீட்டினாள்.

"கம்பெனிக்காரன் ஒண்ணு அதிகமாப் போட்டிருக்கான் அண்ணா" என்றாள். "அது இல்லாமலே ஓடும்."

மெக்கானிக் ஸ்குருவைப் பாட்டிலில் போட்டார். பிறகு, வாரண்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாட்டிலை அலமாரியின் முன்பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.